மலைக்கு நேர்ந்த குதிரை

அந்தக் குளிர்காலம் முழுவதும் கோபி பாலைவனத்து அல்தாய் மலைகளில் பனி விழவே இல்லை. விழுந்திருந்தால் ஆடுகள் அதைத் தின்றே தாகம் தீர்த்துக்கொண்டிருக்கும். இப்போது எல்லா உயிருக்கும் கிணறு ஒன்றுதான். யஞ்சிமா விடியலில் அதில் இறங்கி, கடப்பாரையால் உறைந்த மேற்பரப்பை உடைத்து, மதியம்வரை இறைத்தாலும் நான்கு வாளிதான் தேறியது.

அதில் இரண்டு வாளியைக் குதிரை குடித்தது.

அது அவள் கணவன் மலைத்தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட குதிரை. பிடரியில் நீலப் பட்டுத் துணியைக் கட்டிய நாளிலிருந்து அதன்மேல் யாரும் ஏறியதில்லை. விற்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. கணவன் இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டான். எழுபது வெள்ளாடுகளில் முப்பத்துச் சொச்சம் மிஞ்சியிருந்தன. வசந்தத்தில் அவற்றின் மயிரைச் சீவி விற்றால்தான் அவள் யாரையும் அண்டாமல் சொந்தக் கூடாரத்தில் இருக்க முடியும்.

கொழுந்தன் லொதோய் வந்து தண்ணீர்த் தொட்டியருகே நின்றான்.

“ராத்திரி எத்தனை போச்சு அண்ணி?”

“மூணு.”

“குதிரை மட்டும் ஜோராத்தான் இருக்கு. நிக்கிற நிப்பைப் பாருங்க, நாமெல்லாம் அதுக்கு வேலைக்காரங்க மாதிரி.”

அவள் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

“பட்டுத் துணியை ஒரு ஆட்டுக்கு மாத்திக் கட்டிடுங்க. நேர்ந்தது கிழடானா மாத்துறதுதானே.”

“இதுக்கு ஒம்பது வயசுதான்.”

“இந்த வருஷம் எல்லாருமே கிழடுதான், அண்ணி.”

“உங்க அண்ணன் இருந்தா சம்மதிப்பாரா?”

“என்னை நாலு அறை விட்டிருப்பாரு. ராத்திரியெல்லாம் புரண்டுட்டு, காலைல அவரே அவுத்திருப்பாரு.”

அவன் சொன்னது உண்மைதான். அதனாலேயே அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது.

மறுநாள் இன்னும் இரண்டு ஆடுகள் விறைத்துக் கிடந்தன. அவள் லொதோயை வரச்சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். தெளிக்கப் பால் இல்லை, தேநீரைத் தெளித்தாள். நேர்ந்தவர் பெயரைச் சொல்லித்தான் குதிரையை விடுவிக்கும்படி மலையிடம் கேட்க வேண்டும். இறந்தவர் பெயரையோ வாயில் எடுக்கக் கூடாது. “இதைக் கட்டினவரு” என்று மட்டும் சொன்னாள். பட்டுத் துணியை ஒரு வெள்ளாட்டின் கழுத்தில் கட்டினாள்.

பிறகு இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து குதிரையின் முன் வைத்தாள்.

“அறுக்கப்போறதுக்கு எதுக்கு அண்ணி தண்ணி? பத்து ஆடு குடிக்குமே.”

“எனக்கும் எண்ணத் தெரியும்.”

லொதோய் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். குதிரை அவசரமில்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தது.

அடுத்த நாள் கிணற்றில் மூன்று வாளிதான் தேறியது. அத்தனையையும் தொட்டியில் ஊற்றினாள். முன்னால் முண்டியவை குடித்து முடித்தன. பின்னால் நின்றவை ஈரமான மரத்தை நக்கின. கூடாரத்தில் குதிரையின் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. வந்து சாப்பிடச் சொல்லி லொதோய் இரண்டு முறை கூப்பிட்டான். அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிணற்றில் இறங்கினாள்.