ஊரின் குரல்

எங்கள் ஊர் வேல்ஸில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'ஊரின் குரல்' என்று ஆவணப்படம் எடுக்க இமோஜென் வந்தாள். அப்பா நாற்பது நிமிஷம் ஒன்றையே சொன்னார்: "படம் எடுத்துக்கம்மா. நிறுத்தின பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லு. இவ வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரி போகணும்." இவள் என்றது அம்மாவை.

கார்டிஃப் நகரில் படத்தின் முதல் திரையிடல். அங்கே வேலை பார்க்கும் நான் மட்டும் போனேன். படத்தில் அப்பா வாயே திறக்கவில்லை. மழையில் மலையைப் பார்த்து நிற்கிறார், பின்னணியில் வயலின். அரங்கமே கண்ணைத் துடைத்தது.

"நெஸ்ட்டா, உங்கப்பா பேசாம நிக்கிறாரே, அதான் படமே!" என்றாள் இமோஜென்.

"அவர் பேசினது எங்க?"

"பஸ் பத்தியா? அதுல உணர்ச்சி இல்லப்பா. ஆமா, ஊர்லேர்ந்து ஒருத்தரும் வரலையே, கோபமா?"

"பஸ் இல்ல," என்றேன்.