கிரீட்டுக்குப் போகிற காலம்

நவரத்தினத்தின் இடது தோள் எலும்பை இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் ஓர் இரும்புக் குழாய் உடைத்தது. அந்த அடி அவருக்கு விழ வேண்டியதல்ல. அவருடைய முதுகுக்குப் பின்னால், குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த உமாபதிக்கு விழ வேண்டியது.

அன்று பதினொரு பேர் வந்து பிராங்பேர்ட்டில் உமாபதி குடியிருந்த வீட்டுக் கதவை உதைத்தார்கள். ஆட்களைக் கள்ளமாக ஐரோப்பாவுக்குள் கொண்டுவருவது அப்போது உமாபதியின் தொழில். அவன் ஏற்றி அனுப்பிய வள்ளம் கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் தெற்குக் கடலில் கவிழ்ந்து பத்தொன்பது பேர் செத்துப்போனார்கள். ஒருவரும் தப்பவில்லை. வந்த பதினொரு பேரும் செத்தவர்களின் உறவுகள். குழாயைப் பிடித்திருந்தவன் றெக்ஸ். அவனுடைய தங்கை ஜசிந்தா அந்த வள்ளத்தில் இருந்தாள்.

நவரத்தினத்தின் சொந்தத் தம்பி தில்லைநாதனும் அதே வள்ளத்தில்தான் போனான். கதவை மறித்து நிற்க அன்றைக்கு வேறு எவருக்கும் உரிமை இருக்கவில்லை.

"கடல் செய்ததுக்கு மனிசனை அடிக்கேலாது," என்றார், தோள் தொங்கிய நிலையிலேயே. "நான் விசாரிச்சிட்டன். கடல் குளம் மாதிரிக் கிடக்கேக்கைதான் ஏத்தினவன். பிறகு எழும்பின காத்துக்கு அவன் என்ன செய்வான்? இது நவரத்தினம் சொல்லுற சொல்."

றெக்ஸ் அவருடைய முகத்தையே கனநேரம் பார்த்தான். பிறகு குழாயைப் படியில் எறிந்தான்.

"உங்கடை தம்பியும் போனவர். நீங்களே சொன்னா எனக்கு வேறை கதை இல்லை அண்ணை. உங்கடை சொல்லுக்காகத்தான் போறன்."

சொன்ன சொல்லை நவரத்தினத்தின் குடும்பம் திருப்பி எடுத்ததில்லை. யாழ்ப்பாணத்தில், காரைநகர்த் தீவில் அவருடைய தகப்பன் காலத்திலும் எடுத்ததில்லை, ஜெர்மனிக்கு வந்தும் எடுத்ததில்லை. உமாபதி அந்தத் தொழிலை விட்டு, புகையிரத நிலையத்துக்குப் பின்னால் பயணச்சீட்டுக் கடை திறந்தபோது முதல் டிக்கெட்டை வாங்கியவர் நவரத்தினம். பிறகும் எல்லா டிக்கெட்டையும் அங்கேதான் வாங்கினார். ஒரு கலியாண வீட்டில் உமாபதியைக் கொலைகாரன் என்று சொன்ன ஒருவனின் கன்னத்தில், கையில் சோறு ஒட்டியிருந்த நிலையிலேயே அறைந்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கேட்க ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை.

தில்லைநாதனின் மனைவி குணேஸ்வரி மட்டும் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில்தான் முதல்முறையாக அவருக்குப் பின்னால் படியேறி வந்தாள். கூட அவளுடைய மகன் ஆரூரன். தகப்பன் கடலில் போன மூன்றாம் மாதம் பிறந்த பிள்ளை. வருகிற சித்திரையில் அவனுக்குக் கலியாணம். அதற்கு முன் அந்தக் கடலுக்கே போய், அவனுடைய கையால் தகப்பனுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும் என்று குணேஸ்வரி முடிவெடுத்திருந்தாள்.

ஆரூரன் போனிலேயே டிக்கெட் போடப் பார்த்தான். நவரத்தினம் விடவில்லை.

"எங்கடை ஆள் இருக்கேக்கை வேறை இடம் என்னத்துக்கு?"

உமாபதி எழும்பி நின்று வரவேற்றார். அறுபத்து நான்கு வயது, நல்ல வயிறு, சாயம் பூசிய மீசை. எந்த ஊரைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழகாத மனிதர். பால் விடாத பிளேன்ரீ ஊற்றி வைத்துவிட்டு, சுவரிலிருந்த பெரிய வரைபடத்தில் பேனையின் முனையால் கிரீட் தீவைத் தட்டினார்.

"யூலை, ஆகஸ்ட் வேண்டாம் அண்ணை. வெயில் மண்டையைப் பிளக்கும். வடக்காலை காத்து அடிக்கத் தொடங்கினா கதிரை மேசை எல்லாம் எழும்பி ஓடும். வைகாசி வடிவு, மலையெல்லாம் பூ. ஆனா தண்ணி ஐஸ். அக்காவுக்குக் கடலிலை இறங்கிற அலுவல் இருக்கு, காய்ச்சல் பிடிச்சிடும். ஒக்ரோபர் முதல் பாதி, அதுதான் காலம். சனமும் குறைவு, தண்ணியும் இளஞ்சூடு."

"ஒக்ரோபர் எண்டா எனக்கும் ஒரு கிழமை லீவு எடுக்கலாம்," என்றான் ஆரூரன்.

குணேஸ்வரி தேத்தண்ணீரைத் தொடவில்லை. "அவர் போனது மார்கழி அமாவாசைக்கு முதல் நாள். தகப்பன்ரை திதியை மகன்ரை லீவுக்கு ஏற்ற மாதிரி மாத்திறதோ? மார்கழியிலை போவம். ஒரு வள்ளம் பிடிச்சு, கரையிலை இருந்து கொஞ்சத் தூரம் போய்த் தண்ணி வார்க்கவேணும்."

உமாபதி சிரித்தார். ஒன்றும் தெரியாத வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"அக்கா, மார்கழியிலை அந்தத் தெற்குக் கரையிலை வள்ளம் கேட்டா உங்களை விசர் எண்டுவாங்கள். மார்கழி பிறக்க முதலே அங்கத்தைச் சனம் வள்ளம் எல்லாத்தையும் இழுத்துக் கரையிலை ஏத்திப்போடும். பிறகு பங்குனி மட்டும் தண்ணியைத் தொடமாட்டினம். ஆபிரிக்காப் பக்கத்தாலை ஒரு காத்து வரும், வந்தா மூண்டு நாள் நிண்டு அடிக்கும். சின்னப் பிள்ளைக்கும் அங்கை அது தெரியும்."

நவரத்தினம் கிளாசை மேசையில் வைத்தார்.

"உமக்கு எப்பிடித் தெரியும் உமாபதி?"

"எனக்குத் தெரியாமல் வேறை ஆருக்கு அண்ணை? அந்த ஊரிலை ரெண்டு மாரிகாலம் இருந்தனான். வீட்டுக்காரக் கிழவன் தன்ரை வள்ளத்தை ஏத்தேக்கை நானும் ஒரு கயிறு பிடிச்சனான்."

"எந்த ரெண்டு மாரி?"

உமாபதி வாயைத் திறந்தார். பேனை படத்தில் அப்படியே நின்றது. தான் எதைச் சொல்லிவிட்டார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருபத்தெட்டு வருடங்களில் தான் சொன்ன பொய்யை அவர் மறந்துபோயிருந்தார். அதை நம்பியவர் ஒரு சொல்லையும் மறக்கவில்லை.

"எந்த மாரி எண்டு கேட்டனான்."

"அது... முதல் மாரி ஒண்டு. பிறகு, தில்லைநாதன் ஆக்கள் வந்த மாரி."

"அப்ப, வள்ளம் எல்லாம் கரையிலை ஏறின பிறகுதான் என்ரை தம்பியை நீ கடலிலை இறக்கினனீ."

எந்நேரமும் 'நீர்' என்று கதைக்கிற மனிதர் 'நீ' என்றதும் உமாபதி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். எழும்ப அவகாசம் கிடைக்கவில்லை. எழுபத்தொரு வயது நவரத்தினம் மேசைக்குக் குறுக்கே எட்டி, நல்ல கையால் அவருடைய தலைமயிரைப் பிடித்து, முகத்தை மேசைக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். கண்ணாடி வெடித்தது. இரண்டாம் தரம் அடித்தபோது மூக்கெலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மூன்றாம் தரத்துக்கு முன் ஆரூரன் பின்னாலிருந்து அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்தான்.

"பெரியப்பா, விடுங்கோ. வெளியிலை ஆக்கள் பாக்கினம். பொலிஸ் வரும்."

"வரட்டும். இவன் சொல்லட்டும். டேய், ஏன் ஏத்தினனீ?"

உமாபதி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தினார். விரல்களுக்கு நடுவே இரத்தம் வழிந்து வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது.

"பொலிசுக்குத் தகவல் போயிட்டுது அண்ணை. பத்தொன்பது பேரை ஒரு ஆட்டுக் கொட்டிலுக்குள்ளை எத்தனை நாளைக்கு வைச்சிருக்கிறது? ஊர்க்காரர் மாட்டன் எண்டிட்டாங்கள். வெளியாலை ஒரு குடிகாரனைப் பிடிச்சன். ஓட்டை வள்ளம்."

"சனம் ஏறினதோ?"

நவரத்தினம் ஆரூரனின் பிடிக்குள் நின்றபடியே காலால் மேசையை உதைத்தார். மேசையின் விளிம்பு உமாபதியின் நெஞ்சில் இடித்தது.

"ஏறினதோ எண்டு கேக்கிறன்."

"தில்லைநாதன்தான் முதல் மாட்டன் எண்டவர்," என்றார் உமாபதி. மூக்கு உடைந்த குரல் கொழகொழவென்று வந்தது. "கடலைப் பாத்தார். நான் காரைநகரான், இந்தக் கடல் ஆளை விழுங்கும் எண்டார். மற்றச் சனமும் அவரின்ரை பேச்சைக் கேட்டு மணலிலை இருந்திட்டுது. அவர் ஏறினால்தான் மற்றவை ஏறுவினம். என்னோடை வேறை ரெண்டு பேர் நிண்டவங்கள்..."

"அடிச்சனீங்களோ?"

"துடுப்பாலை."

"எங்கை?"

"தலையிலை. ஒருக்கால்தான் அண்ணை. சத்தியமா ஒரு அடிதான்."

"நினைவு இருந்ததோ?"

"இல்லை. தூக்கித்தான் போட்டனாங்கள். அதைக் கண்டு சனம் தானா ஏறிச்சுது. அந்தப் பிள்ளை, ஜசிந்தா, அவரின்ரை தலையைத் தன்ரை மடியிலை வைச்சிருந்தது."

ஆரூரன் பெரியப்பாவை விட்டான். போய்க் கடை வாசலின் இரும்புத் திரையைக் கீழே இறக்கினான். ஆள் குனிந்து வரத்தக்க இடைவெளி மட்டும் மிஞ்சியது. திரும்பி வந்தவன், தான் இருந்த கதிரையைத் தூக்கி உமாபதியின் தோளில் இறக்கினான். உமாபதி நிலத்தில் சரிந்தார். ஆரூரன் உதைத்தான். விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று, மறுபடி விலாவில். எந்நேரமும் மெதுவாகக் கதைக்கிற பையன், தகப்பன் முகத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவன், ஒவ்வொரு உதைக்கும் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னான். நவரத்தினம் குனிந்து உமாபதியின் வலது கையைப் பிடித்து, பெருவிரலைப் பின்னுக்கு மடக்கினார்.

"கையை முறியாதேங்கோ அண்ணை," என்றாள் குணேஸ்வரி.

இவ்வளவு நேரமும் அவள் கதிரையை விட்டு அசையவில்லை. அவளுடைய கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"டிக்கெட் போட அவனுக்குக் கை வேணும். தம்பி, தூக்கி இருத்து."

ஆரூரன் மூச்சிரைக்க உமாபதியை இழுத்துக் கதிரையில் போட்டான். குணேஸ்வரி கைப்பையிலிருந்து பாஸ்போட்டுகளை எடுத்து, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்தாள்.

"மார்கழி அமாவாசைக்கு முதல் நாள் நாங்கள் அங்கை நிக்க வேணும்."

"மாரியிலை நேரை பிளேன் இல்லை அக்கா. ஏதென்சிலை மாறவேணும்," என்றார் உமாபதி. வாய் பழக்கத்தில் சொன்னது. "ஹோட்டல் முக்கால்வாசியும் பூட்டு. கடலுக்கும் ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகமாட்டினம்."

"தெரியும். இப்பதான் சொன்னனீ. கரையிலை நிண்டு செய்யிறம். எத்தினை பேர் எண்டு கேள்."

"மூண்டுதானே?"

"நாலு. ஜசிந்தாவுக்கும் ஆரும் தண்ணி வார்க்கேல்லை. றெக்ஸ் தம்பியின்ரை பேரையும் போடு."

உமாபதியின் கை தட்டச்சுப் பலகையில் நின்றது. குணேஸ்வரியை விட்டுவிட்டு நவரத்தினத்தைப் பார்த்தார்.

"அண்ணை, றெக்ஸுக்குச் சொல்லப்போறீங்களோ? என்னைப் பற்றி விடுங்கோ. நான் அடிபட்டாச்சு. உங்களை யோசியுங்கோ. நீங்கள் சொன்ன சொல்லுக்காகத்தானே அந்தப் பதினொரு பேரும் திரும்பிப் போனவை. இது வெளியிலை போனா என்ரை பேரை ஆர் தேடப்போகினம்? உங்கடை பேர்தான் போகும். இந்த நாலு சுவருக்குள்ளை முடிப்பம்."

அதில் பொய் இல்லை என்பது நவரத்தினத்துக்குத் தெரிந்தது. கோயில் சபையில் அவருக்கென்று போடுகிற கதிரை, வழக்குக் கொண்டு வருகிறவர்கள், 'நவரத்தினத்தார் சொன்னா மறுபேச்சில்லை' என்கிற கதை, எல்லாம் அந்த ஒரு நாள் கதவில் நின்றதிலிருந்து வந்தவை. விசாரிச்சிட்டன் என்று அன்று சொன்னார். யாரை விசாரித்தார்? இவனை மட்டும்தான். இவன் அழுத அழுகையைப் பார்த்துத் தம்பியை விற்றுவிட்டார். உண்மை சொன்ன ஒருவனைக் கலியாண வீட்டில் அறைந்தார்.

சட்டைக் கையில் இரத்தத்தைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"றெக்ஸ், நான் நவரத்தினம். உமாபதியின்ரை கடையிலை நிக்கிறன். வேலையை விட்டிட்டு உடனை வாரும்."

றெக்ஸ் விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிறவன். எஸ்-பான் ரயில் பிடித்து அரை மணித்தியாலத்தில் வந்துசேர்ந்தான். செம்மஞ்சள் வேலைச் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. இரும்புத் திரைக்குக் கீழால் குனிந்து உள்ளே வந்தவன் கண்ணாடித் துண்டுகளையும் உமாபதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

நவரத்தினம் கதவடியில் நின்றார். முதுகு நேராகத்தான் இருந்தது. கடல் எப்படிக் கிடந்தது, வள்ளங்கள் எங்கே ஏறியிருந்தன, துடுப்பு யாருடைய தலையில் விழுந்தது, அந்தத் தலை யாருடைய மடியில் கிடந்தது, எல்லாவற்றையும் ஒன்றும் குறைக்காமல் சொன்னார்.

"அண்டைக்கு நான் குடுத்த சொல் பிழை. அதைத் திருப்பி எடுக்கிறன். நாளைக்குக் கோயிலிலையும் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவன்."

றெக்ஸ் ஓர் அடி முன்னுக்கு வந்தான். கையை ஓங்கி நவரத்தினத்தின் கன்னத்தில் அறைந்தான். மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது. ஆரூரன் பாய்ந்து முன்னுக்கு வந்தான். நவரத்தினம் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அவனைத் தடுத்தார். மற்றக் கன்னத்திலும் அறை விழுந்தது. அதையும் நின்று வாங்கினார். அவரை வாழ்நாளில் ஒருவரும் முகத்தில் அடித்ததில்லை.

"இருபத்தெட்டு வருசம் அண்ணை," என்றான் றெக்ஸ். "இவன்ரை கடைக்கு முன்னாலை போகேக்கை எல்லாம் உங்கடை முகத்தை நினைச்சுக்கொண்டுதான் போனனான்."

"ஓம்," என்றார் நவரத்தினம்.

குணேஸ்வரி அச்சடித்த டிக்கெட் தாள்களில் ஒன்றை எடுத்து றெக்ஸிடம் நீட்டினாள். ஓரத்தில் இரத்தம் பட்டிருந்தது.

"மார்கழியிலை போறம் தம்பி. குளிராயிருக்குமாம்."

றெக்ஸ் அதைப் படித்து, நாலாக மடித்து வேலைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு உமாபதியின் பக்கம் திரும்பினான். உமாபதி எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்றார். அவருடைய தலைக்கு மேல் கிரீட் தீவு தெரிந்தது.

"அண்ணை," என்று கத்தினார் உமாபதி. "நவரத்தினமண்ணை, மறியுங்கோ."

நவரத்தினம் குனிந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குணேஸ்வரியையும் ஆரூரனையும் முன்னால் போகவிட்டு, தானும் வெளியே வந்து, இரும்புத் திரையைத் தரைமட்டும் இழுத்துவிட்டார்.