நானூற்றுப் பன்னிரண்டு பழைய பக்கங்கள்

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், தேடுபொறியில் அந்த நிறுவனத்து மென்பொருளின் பெயரோடு 'திரையைச் சுத்தம் செய்வது எப்படி' என்று தட்டியபோது முதலில் வந்து நின்றது 2.3 பதிப்பின் வழிகாட்டிப் பக்கம். அப்போது புழக்கத்தில் இருந்த பதிப்பு 5.1.

தட்டியவள்தான் அந்தப் பக்கத்தை எழுதியவள். மருத்துவர்களுக்கான முன்பதிவு மென்பொருளுக்கு வழிகாட்டி எழுதுவது அவள் வேலை. தட்டவைத்தவர் அவளுடைய அண்ணி, பல் மருத்துவர். சனிக்கிழமை மாலை அண்ணி இதே பக்கத்தைப் பார்த்து, அது சொன்னபடியே 'அனைத்தையும் நீக்கு' பொத்தானை அழுத்தியிருந்தார். 2.3இல் அது திரையில் தெரிவதை மட்டும் துடைக்கும். 5.1இல் அடுத்த வேலைநாளின் பதிவுகளையெல்லாம் ரத்து செய்து, நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பிவிடும். நாற்பத்தொரு பேருக்குப் போனது. திங்கட்கிழமை வந்தவர் ஒரே ஒருவர், கைபேசி கெட்டுப்போனவர்.

மென்பொருளை அண்ணியின் தலையில் கட்டியவளும் இவள்தான்.

"உன் பேச்சைக் கேட்டு வாங்கினேன்," என்றார் அண்ணி. "மாசக் கடைசிக்குள்ள தேடினா அந்தப் பக்கம் வரக் கூடாது. வந்துச்சுன்னா நான் பழையபடி நோட்டுலயே எழுதிக்கிறேன். எங்க சங்கத்துல கேட்டா அதையும் சொல்லுவேன்."

அந்தப் பல் மருத்துவர் சங்கத்தின் முப்பது மருத்துவர்களும் வாங்கிவிட்டதாகவே அவளுடைய மேலாளர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பக்கங்களை அழித்துவிடலாம் என்றால், மூன்று வாடிக்கையாளர்கள் இன்னும் 2.3ஐ விடவில்லை. பழகின செருப்பை மாற்ற மனமில்லாதவர்கள். ஆகவே 2.3இன் நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும், 'தேடுபொறியே, இதை உன் பட்டியலில் வைக்காதே' என்று பொருள்படும் ஒரு வரியைச் சேர்த்தாள். மூன்று நாள் வேலை. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று, வலைத்தளக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரிடமும் போய்ச் சொன்னாள். அலுவலகத்தில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். காபி இயந்திரத்துக்கே கடவுச்சொல் வைத்தவர். அவள் வரிகளை வெளியிட்ட அதே மதியம், பக்கங்களைப் படித்துப்போக வரும் தேடுபொறியின் ரோபோ 2.3 பக்கமே தலைவைத்துப் படுக்காதபடி அவர் தடை போட்டார். இருவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

இருபதாம் தேதியும் 2.3தான் முதலில் வந்தது. தலைப்புக்குக் கீழே இருந்த விளக்கம் மட்டும் காணாமல் போய், 'இந்தப் பக்கம் பற்றிய தகவல் இல்லை' என்று இருந்தது. அண்ணி கூப்பிட்டார். முன்னாடியாவது உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தது, இப்போது மொட்டையாக நிற்கிறது என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. தான் செய்ததை விலாவாரியாக விளக்கினாள்: பக்கம் பக்கமாகச் சேர்த்த வரி, அதற்கு மேல் பூட்டுக்காரரின் தடை. இடையில் அண்ணி, "அப்படியே வாயைத் திறந்து வைங்க," என்றார். அது நாற்காலியில் இருந்தவருக்கு.

பிறகு இவளிடம் கேட்டார்: "கதவைப் பூட்டிட்டே. பட்டியல்லேர்ந்து எடுன்னு சீட்டு எழுதி உள்ளே ஒட்டியிருக்கே. வெளிய நிக்கிறவன் அதை எப்படிம்மா படிப்பான்?"

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வலியா என்று தெரியவில்லை.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, இரண்டாம் மாடியில் இருந்த பூட்டுக்காரரிடம் இறங்கிப் போனாள். ரோபோ வரவே முடியாததால் அவளுடைய வரி எதையும் அது பார்க்கவில்லை. பழைய நினைப்பிலேயே அந்தப் பக்கங்களின் முகவரிகளைப் பட்டியலில் வைத்திருந்தது.

"வேண்டாத பக்கத்துக்கு அதை வான்னு கூப்பிடச் சொல்றீங்களா?" என்றார் பூட்டுக்காரர்.

"ஆமா சார். வந்து படிச்சாத்தான் போகும்."

இருபத்திரண்டு வருட வேலையில் திறக்கச் சொல்லி யாரும் தன்னிடம் வந்ததில்லை என்றார். எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தாள். தேதி இல்லை என்று திருப்பினார். தேதி போட்டுக் கொடுத்தாள். திறந்தார். அதன் பிறகு அவள் தினமும் காலையில் கைப்பையைக் கழற்றுவதற்கு முன்பே தேடிப் பார்த்தாள்.

மார்ச் 31 அன்று 5.1இன் பக்கம் முதலில் வந்தது. 2.3இன் பக்கங்களில் நானூற்று ஒன்பது பட்டியலிலிருந்து நீங்கியிருந்தன. அண்ணி மென்பொருளை வைத்துக்கொண்டார். சங்கம் தன் முடிவை ஜூனுக்குத் தள்ளிவைத்தது.