செட்டாயிருச்சு

கோயமுத்தூர் கணபதியில் ஃபுட்வால்வு திருமலைசாமி என்றால் தெரியாதவர்கள் கிடையாது. கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடி முனையில் மாட்டும் வால்வு அது. மேலே ஏறிய தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்குள் விழுந்துவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. இருபத்திரண்டு வருடமாக அதே வேலையைச் செய்துவந்ததில், உலகத்தில் தனக்குத் தெரியாத வால்வு இல்லை என்ற நினைப்பு அவருக்கு வந்துவிட்டது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். திருமலைசாமிக்கு ஆயிரமெல்லாம் தேவைப்படவில்லை. கட்டிய பெண்டாட்டி ராசாத்தாள் ஒருத்தியே போதுமானவளாக இருந்தாள்.

ராசாத்தாளுக்குச் சின்ன வயதில் கை கால் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்து போனது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் நெஞ்சுக்குள் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது. நாற்பது வயதில் ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நாய் மாதிரி இளைக்க ஆரம்பித்தாள். அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, நெஞ்சைத் திறந்து வேறு வைக்க வேண்டும் என்றார் டாக்டர் சுந்தரராஜுலு. மேஜை டிராயரிலிருந்து மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து சாய்ந்து மூடும் வட்டத் தட்டு. அவ்வளவுதான்.

திருமலைசாமி அதைக் கையில் வாங்கி, விரலால் தட்டைத் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நம்ம ஃபுட்வால்வுங்க டாக்டர்."

டாக்டர் சிரித்தபடி, "கிட்டத்தட்ட அப்படித்தானுங்க" என்றார்.

மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதை ஊர் அறிந்தது. அது ஆளைக் கொல்லவும் கொல்லும். அதற்குப் பிறகு டாக்டர் கால் மணி நேரம் பேசினார். உலோகத்தின் மேல் பட்டால் ரத்தம் உறைந்துகொள்ளும், உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும், மாதாமாதம் ரத்தம் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும், ஆயுசு பூராவும் ஒரு நாள்கூட விடக் கூடாது என்றெல்லாம் சொல்லி, ஒரு அட்டையிலும் எழுதிக் கொடுத்தார். திருமலைசாமியின் காதில் விழுந்தது அந்த 'அப்படித்தானுங்க' மட்டும்தான்.

தொண்ணூற்றைந்து தை மாதம் ஆபரேஷன் நடந்தது. ராசாத்தாள் பிழைத்தாள். பத்தே நாளில் மூச்சு வாங்காமல் நடந்தாள். ஆனால் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. டிக், டிக், டிக் என்று தட்டு மூடுகிற சத்தம். அறை அமைதியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கும். இந்தச் சத்தம் நிற்காதா என்று வீட்டுக்குப் புறப்படும் அன்று அவள் அழுததை வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். சில பேருக்கு அப்படித்தான் கேட்கும், போகப் போகப் பழகிவிடும் என்று டாக்டர் தேற்றி அனுப்பினார்.

முதலில் திருமலைசாமிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மோட்டாரில் கோளாறு என்றால் ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்பது பட்டறைக்காரர்கள் வழக்கம். வால்பாறை எஸ்டேட்டுக்கு ஃபுட்வால்வு எடுக்க ஒருவர் வந்திருந்தார். திருமலைசாமி ராசாத்தாளைச் சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டார். வந்தவளை நிற்கவைத்து, பட்டறை ஸ்குரூ டிரைவரின் முனையை அவள் நெஞ்சுத் தழும்புக்கு மேல் சேலையோடு வைத்து, கைப்பிடியை அந்த மனிதர் காதுக்கு நீட்டினார். அந்த ஆள் கூச்சத்தில் நெளிந்தார். கேட்காவிட்டாலும் மரியாதை இல்லையே என்று குனிந்து கேட்டுவிட்டு, நல்லா ஓடுதுங்க என்றார். ராசாத்தாள் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேலையில் ஒட்டிய கிரீஸ் கறை எவ்வளவு துவைத்தும் போகவில்லை.

அந்தப் பெருமையும் நாலு மாதம்தான். காரமடையில் அவருடைய தங்கை மகள் கல்யாணம். மேளம் ஓய்ந்து பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்த நேரம். திருமலைசாமியின் அத்தைக்காரி ஒருத்தி திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆருடி அது, கடியாரத்தை முந்தானைல முடிஞ்சுட்டு வந்தவ?" என்று கேட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. விவரம் தெரிந்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். ராசாத்தாளுக்கு உடம்பு கூசியது. கூசக் கூச நெஞ்சு வேகமாக அடித்தது. வேகமாக அடிக்க அடிக்கச் சத்தமும் கூடியது.

இனி எந்த விசேஷத்துக்கும் நீ வர வேண்டாம் என்று பஸ்ஸில் வரும்போதே திருமலைசாமி சொல்லிவிட்டார். அந்தச் சத்தத்தில் தனக்குத் தூக்கமும் கெட்டுப்போகிறது என்று மறுநாள் அவளுடைய கட்டிலை வால்வுப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக்கு மாற்றினார். இருபத்து மூன்று வருடம் குடித்தனம் செய்தவளை அட்டைப் பெட்டிகளோடு சேர்த்து அடுக்கிவைத்தாயிற்று. அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

ராசாத்தாள் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். பழைய சேலையைக் கிழித்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். வீட்டுக்கு ஒரம்பரை என்று சொந்தபந்தம் யாராவது வந்தால் கிரைண்டரைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். பட்டறையில் லேத்து ஓடுகிறவரை அவளுக்குக் கவலை இல்லை. கரண்ட் போய்விட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கையால் அமுக்கிக்கொள்வாள். வீடே அமைதியாகி, ஹாலில் உட்கார்ந்திருக்கும் புருஷன் காதுக்கு டிக் டிக் என்று போய்ச் சேரும். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பும் சத்தம் அடுத்தபடியாகக் கேட்கும்.

கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் முழுகி, உசிர் போனாலும் சரி, இந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள் சாமி என்று ஈரச் சேலையோடு நின்று வேண்டிக்கொண்டாள். சாமிக்குக் காது கேட்காது என்பவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம்.

மறு வருடம் தை பிறந்தது. ஆபரேஷன் நடந்து ஒரு வருடம். திருமலைசாமி காலையில் காபி குடித்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டு, இன்றோடு மாத்திரையை நிறுத்திவிடு, ரத்தம் பார்க்கவும் போக வேண்டாம் என்றார்.

"டாக்டரு ஆயுசு பூராவும்னு சொன்னாருங்களே" என்றாள் அவள்.

"என்ர வால்வுக்கே ஒரு வருசந்தான் புள்ள கேரண்டி. வருசம் தாண்டி ஓடுச்சுன்னா அது பாட்டுக்கு ஓடும். வால்வைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றயா?"

அட்டையை வாங்கி அலமாரியில் பழைய கேட்டலாகுகளுக்கு அடியில் செருகினார். ராசாத்தாளும் அன்றோடு மாத்திரையை விட்டுவிட்டாள். அந்த மாத்திரையால் அவள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. பல் விளக்கினால் ரத்தம் வந்தது. லேசாக இடித்துக்கொண்டாலும் கையில் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. மாதவிலக்கு வந்தால் பத்து நாள் எழ முடியவில்லை. விட்டது சனி என்றுதான் இருந்தது. தவிர, எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் அவளை உட்காரவைத்துப் பேசியது அன்றுதான். அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் கரண்ட் போனது. லேத்து நின்றது. ராசாத்தாள் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை அமுக்கினாள். ஹாலில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டுக் கவனித்தாள். கடிகாரம் மட்டும்தான்.

அவள் பட்டறைக்கே ஓடிப்போய்ச் சொன்னாள். திருமலைசாமி கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். இந்த முறை ராசாத்தாள் காலண்டரைப் பார்க்கவில்லை. தானே முந்தானையை விலக்கி நெஞ்சைக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல புள்ள. புது வால்வு மொதல்ல லொடலொடங்கும். ஓட ஓட அமுங்கிரும். உனக்குச் செட்டாயிருச்சு."

அன்று சாயங்காலம் அவரே கட்டிலைத் தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டார். மறுநாள் இரண்டு முழம் பூ வாங்கிவந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்புக்கு அவளைக் கூடவே கூட்டிப்போய், கூட்டத்தின் நடுவில் உட்காரவைத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராசாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்கு மறுபடியும் கல்யாணம் ஆனது மாதிரி இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி வெட்கப்பட்டாள். நினைத்தால் வயிறு எரிகிறது. நாற்பத்தொரு வயதில் அவளுக்குக் கிடைத்த நல்ல நாட்கள் பதினைந்து. அந்தப் பதினைந்து நாளும் நெஞ்சுக்குள் ரத்தம் உறைந்து உறைந்து ஏறிக்கொண்டிருந்தது.

எட்டாவது நாளே மாடிப்படியில் மூச்சு வாங்கியது. பத்தாவது நாள் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்துகொண்டாள். புருஷன் பார்த்தால் புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தாள். உடம்பு சரியில்லை என்று வாயைத் திறந்தால் கட்டில் மறுபடியும் பெட்டி அறைக்குப் போய்விடும். அதற்கு மூச்சு முட்டுவதே மேல் என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்படி ஒரு பெண்ணை வைத்திருந்தவரை ஊரில் ஒருவரும் கெட்டவர் என்று சொன்னதில்லை.

பதினான்காம் நாள் காலையில் முடியாமல் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, ஒருக்கா டாக்டரைப் பாத்துட்டு வந்தரலாமுங்களா?"

திருமலைசாமி மறுபடியும் ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்தார். நெஞ்சில் மூன்று இடத்தில் வைத்துக் கேட்டார். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை, வால்வு வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, இது வெறும் வாய்வு என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். ராசாத்தாள் அந்தச் சோடாவை முழுசாகக் குடித்தாள். அவர் வாங்கித் தந்ததல்லவா.

மறுநாள் விடிந்ததும் இருமலில் ரோஜா நிறத்தில் நுரை வந்தது. அதற்குமேல் வாய்வு என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. வாடகைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் சுந்தரராஜுலு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, சத்தம் எப்போதிலிருந்து இல்லை என்று கேட்டார்.

திருமலைசாமிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரைக் கேட்கிற கேள்வி.

"பதினஞ்சு நாளாச்சுங்க டாக்டர். நல்லா செட்டாயிருச்சுங்க."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். மாத்திரை போடுகிறாரா என்று கேட்டார். ஒரு வருடக் கேரண்டியைப் பற்றித் திருமலைசாமி விளக்கினார். டாக்டர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். தட்டைச் சுற்றி ரத்தம் உறைந்து கட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தட்டு அசைய முடியாமல் மாட்டிக்கொண்டது, ஒரு கீற்று வழியாகத்தான் ரத்தம் போகிறது, திரும்ப நெஞ்சைத் திறந்து உடனே வேறு வால்வு வைத்துப் பார்க்கலாம், பிழைப்பது கஷ்டம் என்று நிதானமாகச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"அந்தச் சத்தம்தானுங்க அவங்க உசுரு. அது கேக்கலைன்னு அன்னைக்கே ஓடி வந்திருந்தீங்கன்னா காப்பாத்தியிருப்பேன்."

திருமலைசாமி நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன தோன்றியதோ, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"இப்பப் போடறதாச்சும் சத்தம் வராததாப் பாத்துப் போடுங்க டாக்டர்."

ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்த ராசாத்தாளுக்கு இரண்டு பேர் சொன்னதும் கேட்டது. டாக்டர் சொன்னதும் கேட்டது. புருஷன் சொன்னதும் கேட்டது. ஒரு வருடமாகத் துணியைச் சுற்றி அமுக்கியதும், கிரைண்டருக்குப் பின்னால் ஒளித்ததும், காவிரியில் முழுகி வேண்டாம் என்றதும் எது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தச் சத்தம் வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஆசைப்பட்டாள். நெஞ்சில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

தள்ளுவண்டியில் ஏற்றி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தள்ளிக்கொண்டு போனவள் வார்டு ஆயா மாரியாத்தாள். போன வருடம் சத்தம் நிற்காதா என்று ராசாத்தாள் அழுதபோது பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துவிட்டவள் அவள்தான். தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. ராசாத்தாள் மாஸ்க்கை இழுத்து விலக்கினாள்.

"அம்மணி, சித்த காது வெச்சுக் கேளு. சத்தம் வருதா?"

மாரியாத்தாளுக்குப் பாவமாக இருந்தது. இந்த நேரத்திலும் அதே கவலையா என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து, காதை நெஞ்சில் நன்றாகப் பதித்துக் கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் நல்ல சேதி சொல்லப்போகிற சிரிப்பு இருந்தது.

"ஒண்ணுமே கேக்கலீங்கக்கா. கம்முனு இருக்குதுங்க. நீங்க பயப்படாமப் போங்க" என்று சொல்லி, மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டு, கதவைத் தள்ளித் திறந்தாள்.