மதியம் விடியும் தரை

அந்த வீட்டுக் கூடத்தில் புதிதாகப் போட்ட போர்சலின் டைல்ஸ் தரை, ஆள்களின் பிம்பத்தை ஏழு மணி நேரம் தாமதமாகக் காட்டியது. காலை பதினோரு மணிக்குக் கூடத்தைக் கடந்து போனவர் மாலை ஆறு மணிக்குத் தரைக்குள் கடந்து போவார். மற்றபடி நல்ல தரை. கறை பிடிக்கவில்லை, கீறல் விழவில்லை, ஒரு தடவை துணி போட்டு இழுத்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

வீட்டில் மூன்று பேர். மகன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே பழகியதால், வீட்டில் யாராவது வேகமாகப் பேசினாலும் அவனுடைய வலது கால் தரையை அழுத்தும். மருமகளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மூன்றாவது, மகனின் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். பத்து மாடிக் குழிக்குள், ஓடுகிற லிஃப்டின் தலையில் நின்றுகொண்டு வேலை பார்த்த மனிதர், சொந்த வீட்டுக் கூடத்தில், சிந்திக் கிடந்த ஒரு டம்ளர் தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றைக்கென்று வீட்டில் விருந்தாளிகள். விழுந்ததைவிட, விழுந்ததை நாலு பேர் பார்த்ததுதான் அவருக்கு வலித்தது. பிளேட் வைத்து எலும்பு சேர்ந்துவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவர் நடக்கவில்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்தான். குளியலறைக்கும் படுக்கைக்கும் மகன் தோள் கொடுக்க வேண்டும். பகலில் யாரும் இல்லாத நேரத்துக்கு நாற்காலிக்குக் கீழே ஒரு பாத்திரம். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

பழைய சிமெண்டுத் தரை பொரிந்து, பெருக்கப் பெருக்க மணல் வந்துகொண்டிருந்தது. டைல்ஸ் போடுவது என்று முடிவானதும் புருஷனும் பெண்டாட்டியும் கடைகடையாக ஏறி இறங்கினார்கள். மகனுக்குப் பளபளப்பு வேண்டும். முகம் தெரிய வேண்டும் என்பான். சொரசொரப்பாக இருப்பதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா என்று தள்ளினான். மருமகளோ கைப்பையில் தண்ணீர் பாட்டில் கொண்டுபோவாள். பிடித்த டைல்ஸைத் தரையில் போடச் சொல்லி, தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்று குதிகாலைத் திருகிப் பார்ப்பாள். கடைப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கடையில் மேனேஜரே ஓடிவந்து, “மேடம், இது தரைக்குப் போடறது, டான்ஸ் ஆடறதுக்கு இல்ல,” என்றார். “எங்க வீட்ல ஒருத்தர் விழுந்தவர் இருக்கார்,” என்றாள் அவள். மேனேஜர் இன்னொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கடைசியில் பளபளப்பில் ஒன்று, சொரசொரப்பில் ஒன்று என்று இரண்டு மாதிரித் துண்டுகளை வாங்கி வந்து லிஃப்ட்காரர் மடியில் வைத்தார்கள். அவர் இரண்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு பளபளப்பை எடுத்து மகனிடம் நீட்டினார். “இதையே போடுங்க. வழுக்குமேன்னு நடக்கிறவங்கதான் பயப்படணும். நான் என்ன, ஓடிப்பிடிச்சா விளையாடப் போறேன்?”

தன் சார்பில் அத்தனை கடைகளில் சண்டை போட்டவளை ஒரே வார்த்தையில் ஓரம்கட்டிவிட்டார் என்று மருமகளுக்குக் கோபம். அன்று சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

டைல்ஸ்காரர் வந்தார். பழைய தரையைக் கொத்தி எடுத்து, மட்டம் பார்த்து, பசை பூசி, இரண்டடிக்கு நாலடி டைல்ஸை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினார். வேலை நடந்த நாள்களில் லிஃப்ட்காரரை நாற்காலியோடு தூக்கி எதிர்வீட்டு வராந்தாவில் வைத்தார்கள். ஒரு சனிக்கிழமை இடுக்கெல்லாம் பூசி முடிந்தது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மகனும் மருமகளும் சாமான்களை உள்ளே கொண்டுவந்தபோது, வெளியே நல்ல வெயில் இருந்தும் தரை கறுப்பாகக் கிடந்தது. பாலிஷ் புதுசு, செட் ஆகும் என்றான் மகன். மதிய நேரத்தில் தரைக்குள் மெல்ல வெளிச்சம் வந்தது, ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் விடிவதுபோல. நாலு மணிக்கு இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, தரைக்குள் அதே இரண்டு பேரும் தலைகீழாக அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருமகள் எழுந்துபோய் முதலில் தன் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

டைல்ஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முந்தைய ராத்திரியின் இருட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, “மட்டம் சரியா இருக்கு. தட்டினா ஒரு டைல்ஸ்கூட பொள்ளல் சத்தம் போடல. நேரத்தை நான் எதை வெச்சுப் பார்க்கிறது?” என்று கேட்டார். கடையிலிருந்து வந்தவர் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு, வாங்கின மற்ற வீடுகளிலெல்லாம் தரை ஒழுங்காகக் காட்டுவதாகச் சொன்னார். கறை, கீறல், நிறம் மங்கல் இதற்கெல்லாம் கேரண்டி உண்டு, நேரத்துக்குக் கிடையாதாம். தெருவே வந்து பார்த்தது. சிலருக்குத் தலை சுற்றியது. ஒரு மாதத்தில் எல்லாருக்கும் சலித்துப்போய், தண்ணீர் எப்போது வரும் என்ற பேச்சுக்குத் திரும்பினார்கள். வீட்டிலும் பழகிவிட்டது. கூடத்துப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டேன் என்று மகன் சொல்கிற பொய் மட்டும் பிறகு எடுபடவில்லை.

வேலைநாள்களில் மருமகள் ஐந்து மணிக்கு வீடு திரும்புவாள். அந்த நேரத்தில் தரைக்குள் காலைக் கூடம் இருக்கும்: காலி சோபா, சுற்றுகிற மின்விசிறி, ஜன்னலோரம் பேப்பர் படிக்கிற லிஃப்ட்காரர். மேலேயும் அவர் அதே நாற்காலியில் அதே பேப்பரோடு இருப்பதால் பார்ப்பதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. ஒரு நாள் ஆறு மணி சுமாருக்குக் காய் நறுக்கிக்கொண்டே திரும்பியவள், தரைக்குள் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தாள். மேலே அவர் உட்கார்ந்திருந்தார், கீழே இல்லை. சுவரோரமாக இரண்டு உள்ளங்கால்கள் தெரிந்தன. உள்ளங்காலில் தொடங்கி ஆழத்துக்குத் தொங்குகிற லிஃப்ட்காரர், சுவரைக் கையால் தடவியபடி, ஒரு காலை நகர்த்தி, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த காலை நகர்த்தினார். நடந்துகொண்டிருந்தார். சமையலறை வாசலுக்கு வந்ததும் கை சுவரை விட்டது. கால் வழுக்கியது. விழுந்தார்.

அவள் அலறிக்கொண்டு ஓடினாள். அவர் விழுந்த டைல்ஸின் மேல் மண்டியிட்டு இரண்டு கைகளையும் வைத்தாள். வழவழவென்று குளிர்ந்த கல்தான் கையில் பட்டது. இவள் லேபில் யாருக்கோ ஊசி குத்திக்கொண்டிருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது; இனி ஓடிப்போய்த் தூக்க முடியாது. தரைக்குள் அவர் வெகுநேரம் அப்படியே கிடந்தார். பிறகு முழங்கையை ஊன்றி ஊன்றித் தன்னை இழுத்துக்கொண்டு நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார். மேலே, நாற்காலியில், விரித்த பேப்பருக்குப் பின்னால் அவருடைய முகம் தெரியவில்லை.

“என்னம்மா சத்தம்?” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“பால் பொங்கிடுச்சு மாமா,” என்றாள். அடுப்பில் பாலே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

மகன் வந்ததும் சமையலறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாள். அவனுடைய வலது கால் தரையை அழுத்தியது. நாளைக்கே ஆள் வைத்து உடைத்து வேறு டைல்ஸ் போடுகிறேன் என்றான். அப்பாவிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன் என்றான். “கேட்டீங்கன்னா நிறுத்திடுவார்,” என்றாள் அவள். “யாரும் பார்க்கலைன்னுதான் எழுந்திருக்கார். பார்த்துட்டோம்னு தெரிஞ்சா நாற்காலியோடயே முடிஞ்சிடும்.” “சாயங்காலம் தரை நமக்குக் காட்டிக்கொடுத்துடும்னு அவருக்குத் தெரியாதா?” என்றான். ஆனாலும் அன்று அவர்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையின் ஆறு நாற்காலிகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. தூசி தட்டுவதற்காக நகர்த்தியதாக மருமகள் பொதுவாகச் சொல்லிவைத்தாள். ஈரத்துணி போடுவதை மாலைக்கு மாற்றினாள். அவருடைய பழைய ரப்பர் செருப்பு காணாமல்போய், அடியில் புள்ளிபுள்ளியாக ரப்பர் வைத்த காலுறை வந்தது. லிஃப்ட்காரர் காலுறையை மாட்டிக்கொண்டார். மாலையில் தரைக்குள் அவர் ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்று பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு, ஓரக்கண்ணால் தரையைப் பார்த்தார்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மாலை, தரைக்குள் நடந்துகொண்டிருந்தவர் மூன்றாவது நாற்காலி பக்கத்தில் நின்றார். குனிந்தார். காலையில் அவர் தரையைத்தான் பார்த்திருப்பார். ஆனால் இப்போது தரைக்குள்ளிருந்து நிமிர்ந்து நேராக மருமகளைப் பார்த்தார். நாற்காலியைச் சுட்டிக்காட்டி, எடுத்துவிடு என்பதுபோலக் கையை வீசினார். மருமகள் திரும்பி மேலே இருப்பவரைப் பார்த்தாள். அவர் டிவியில் விளம்பரத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டு, “ஏம்மா, காபி உண்டா?” என்றார். மறுநாள் அந்த நாற்காலி சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பியது. அப்புறம் இன்னொன்று. வேண்டியதையெல்லாம் அவர் காலையில் தரையிடம் சொன்னார், அவள் மாலையில் வாங்கிக்கொண்டாள். மேலே அதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. மகன், யார் வீட்டிலோ இருப்பதுபோல, கால் அழுந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி நாற்காலியும் மேஜைக்குப் போய்ச் சில நாள் கழித்து, மருமகள் வீடு திரும்பியபோது கதவு வெறுமே சாத்தியிருந்தது. ஜன்னலோரம் யாரும் இல்லை. படுக்கையறை, குளியலறை, கொல்லைப்புறம், எங்கேயும் இல்லை. தரைக்குள் மட்டும் அவர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் போட்டதும் மகன், பாதிப் பாடத்தில் காரை ஓரம்கட்டிவிட்டு, கற்றுக்கொள்ள வந்தவரையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடப் போனான். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன சட்டை, எப்போது கிளம்பினார் என்று தெரிந்தால்தானே யாரிடமாவது கேட்க முடியும். தரைக்குள் அவர் ஒரு பக்கம் விடாமல் படித்தார். எழுந்து பேப்பரை மடித்தார். உள்ளே போய், இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்தார். சுவரைத் தொடாமல் கூடத்தின் நட்டநடுவில் நடந்தார். நடையைப் பார்த்தபோது அவளுக்குப் பயமும் மறந்துவிட்டது. வாசலருகே நின்று குனிந்து, அவளைப் பார்த்து என்னவோ நீளமாகச் சொன்னார். உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. பிறகு போய்விட்டார். ஒரே போக்காகப் போகிறேன் என்று சொன்னாரோ என்று நினைத்தவள் போனை எடுத்தாள்.

மகனிடம் நீலச் சட்டை என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே கேட் கிரீச்சிட்டது. லிஃப்ட்காரர் புழுதிக் காலோடு உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாடா என்றார். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே ஒரு டீக்கடைப் பெஞ்சில் மதியமெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாராம். போகும்போது ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாளாம். வரும்போது யாரும் கொடுக்கவில்லையாம். வழி முழுக்க நின்றே வந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

முதன்முறையாக மருமகள் நேருக்கு நேர் கேட்டாள். “வாசல்ல நின்னு என்ன மாமா சொன்னீங்க?”

“சாவி எங்க வெச்சுத் தொலைச்சீங்கன்னு கேட்டேன். வீட்டைப் பூட்டாமப் போறேன், திட்டாதீங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்.”

அவள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடித்தாள். அவர் எழுந்து, யாருடைய தோளும் இல்லாமல் சமையலறைக்குப் போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளர் கொஞ்சம் தளும்பியது. அவரே துணி எடுத்துத் துடைத்தார்.

அதன்பிறகு அவர் தினமும் வெளியே போனார். வருஷங்கள் போயின. அவர் இறந்தது ஆஸ்பத்திரியில், வேறொரு தரைக்கு மேல்; அங்கிருந்தே தகனத்துக்கும் போனார். அதனால் அந்த மரணம் பற்றி வீட்டுத் தரையில் எதுவும் பதிவாகவில்லை. மறுநாள் காலை சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் டைல்ஸ்காரரும், லிஃப்ட்காரர் வேலை பார்த்த கட்டடங்களின் காவலாளிகளும் வந்து கூடம் கொள்ளாமல் நின்றார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து கலைந்துவிட்டார்கள். மாலையில் மகனும் மருமகளும் காலிக் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருக்க, தரைக்குள் ஆள்கள் வரத் தொடங்கினார்கள். தோளில் கைவைத்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள், ஒருவருக்கொருவர் இடம் விட்டு ஒதுங்கினார்கள். காலையில் அழுத களைப்பில் யார் யார் வந்தார்கள் என்றே கவனிக்காமல்போனதால், இருவரும் இப்போது நிதானமாக ஒவ்வொருவராகப் பார்த்து, இவர் வந்திருந்தாரா, அவர் வந்திருந்தாரா என்று பேசிக்கொண்டார்கள். கடைசி ஆள் தரையிலிருந்து கிளம்பிப் போன பிறகு, மருமகள் எழுந்து விளக்கை அணைத்தாள்.