மாமியாரை மெதுவாக வெளியே விடுங்கள்

யோகாவில் எம்.ஏ. படித்தவளுக்குக் கோபமே வரக் கூடாது என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. எனக்கு வரும். ரிஷிகேஷில் பிறந்தவளைப் பார்த்து, "நீ யோகா எங்க கத்துக்கிட்ட?" என்று தில்லிக்காரன் கேட்டால் வராமல் என்ன செய்யும்? தபோவனத்தில் நான் வேலை பார்த்த யோகாப் பள்ளியில், விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போதெல்லாம் வெளிநாட்டு முகங்களை முன்னால் நிறுத்திவிட்டு, "தனுஜா, நீ கொஞ்சம் தூணுக்குப் பின்னால நில்லு" என்பார்கள். ஒருநாள், "அந்தத் தூணுக்கே சம்பளத்தக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள் நான். அப்பா ஆற்றில் ரப்பர் படகு தூக்கி இறக்குகிறவர். படித்த பெண் வீட்டில் சும்மா இருந்தால் உறவுக்காரர்களுக்குத் தூக்கம் வராது. அத்தை ரூர்க்கியில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்தாள். உரக்கடை வைத்திருப்பவன். அந்த நேரத்தில்தான் பக்கத்து ஊரான தால்வாலாவில் பெண்களுக்கு யோகா சொல்லித்தர ஆள் வேண்டும் என்று அரசாங்கத்தில் கேட்டார்கள். முதலில் கொஞ்ச நாள் சொல்லித்தர வேண்டும். மேலதிகாரி அம்மா வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் உரக்கடை.

வகுப்பு நடந்தது ஊர்க் கல்யாண மண்டபத்தில். அதன் சாவி மகளிர் சங்கத் தலைவி சம்பத்தி தேவியின் இடுப்பில். மாடு கறந்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெண்கள் வருவார்கள். வந்தவர்களில் சம்பத்தி தேவியின் மருமகள் குசும்தான் ஆர்வக்காரி. மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விடு என்றால் அப்படியே செய்வாள். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். "தீதி, அடுப்புல பால் பொங்குறப்பகூட செஞ்சு பாத்தேன். பால் போயிருச்சு, ஆனா கோவம் வரல" என்றாள்.

சாவன் மாத மழை பிடித்துக்கொண்டதும் எனக்கு ஜலதோஷம் வந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் இந்தியில் மூச்சுக்கு ஸாங்ஸ், மாமியாருக்கு ஸாஸ். இரண்டுக்கும் நடுவே இருப்பது மூக்கில் ஒரு சின்ன ரீங்காரம், அவ்வளவுதான். மூக்கு அடைத்துக்கொண்டால் அந்த ரீங்காரம் எங்கிருந்து வரும்? நான் கண்ணை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, படித்த படிப்பையெல்லாம் கூட்டிச் சொன்னேன்:

"மாமியாரை ஆழமா உள்ள இழுங்க. அப்படியே நிறுத்துங்க. இப்ப மாமியாரை மெதுவா வெளிய விடுங்க. முழுசா. கொஞ்சம்கூட உள்ள மிச்சம் இருக்கக் கூடாது."

மண்டபமே சிரித்தது. ஒருத்தி பாயில் உருண்டாள். "தீதி, எங்க வீட்டுல உள்ள இழுக்க வேண்டாம், அதுவே உள்ளதான் இருக்கு. வெளிய விடறத மட்டும் சொல்லிக் குடு" என்றாள் இன்னொருத்தி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்குள் அது பாட்டுபோலப் பரவியது.

அதிகாரி வரவேண்டிய நாள் காலையில் போனேன். மண்டபத்துக் கதவு பூட்டியிருந்தது. பெண்கள் மழைக்கு முக்காடு போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வாசற்படியில் சம்பத்தி தேவி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, எம்.ஏ. மேடம். மாமியாரை வெளிய விடச் சொல்லிக் குடுக்கறீங்களாமே. நானே வெளிய வந்து உக்காந்துட்டேன். திருப்தியா?"

"சாச்சி, அது..." என்று சித்தி முறை வைத்து இழுத்தேன்.

"பேசாத. மூணு பசங்களப் பெத்து, புருஷன வாரிக் குடுத்து, அந்த வீட்ட நிமித்தி வெச்சவ நான். என்னைய மிச்சம் மீதி இல்லாம வெளிய விடணுமா? உங்க அப்பன் படகு தூக்கித்தான படிக்க வெச்சான்? இதுக்கா?"

அப்பாவை இழுத்ததும் எனக்குள் ஏதோ கொதித்து மேலே வந்தது. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல பதில். சாவியைப் பற்றி, அவர் நாக்கைப் பற்றி, மண்டபம் யார் அப்பன் வீட்டுச் சொத்து என்பதைப் பற்றி. சொல்லியிருந்தால் நாலு பேர் கைதட்டியிருப்பார்கள். கதவு திறந்திருக்காது.

மூச்சை இழுத்தேன். மூக்கு அடைப்பு; விசில் மாதிரி ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் போயிற்று. அது உள்ளே போய்ச் சேரவே நேரமானது. பிறகு விட்டேன். அதற்கும் நேரமானது. கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது அங்கேயேதான் நின்றது. ஆனால் வாயைத் திறப்பதா வேண்டாமா என்று யோசிக்க எனக்கு இடம் கிடைத்தது. திறக்கவில்லை.

சம்பத்தி தேவி காத்திருந்தார். பதில் வராததும் முகம் சிவந்தது.

"பாரு, பாரு! இதையேதான் அவளும் பண்றா!" என்று குசுமைக் கை நீட்டிக் காட்டினார். "முன்னாடியெல்லாம் நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்லுவா. நான் நாலு சொல்லுவேன். சாயந்திரம் சேந்து டீ குடிப்போம். இப்ப நான் கத்துனா கண்ண மூடிக்கிட்டு மூச்சு விடுறா. செவுத்துகிட்ட சண்டை போட்டுப் பாத்திருக்கியா நீ? வீட்டுல மனுஷியா மதிக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல."

குரல் கடைசியில் உடைந்தது. குசும் முக்காட்டை விலக்கினாள்.

"மா-ஜி, மதிக்காம இல்ல. பதில் சொல்லி உங்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடுச்சுன்னா யாரு பாக்கறது, நான்தான?"

"ஏறட்டும். என் ரத்தம், என் கொதிப்பு."

அப்போது எனக்குப் பிடிபட்டது. கண்ணை மூடச் சொன்னேனே தவிர, அதற்கப்புறம் கண்ணைத் திறந்து எதிரில் இருப்பவளுக்கு ஒரு வார்த்தை சொல் என்று யாருக்கும் சொல்லித்தரவில்லை. எனக்கே அது தெரியாது.

"சாச்சி," என்றேன், "ஜலதோஷம். மூக்குல சத்தம் வரல. ஸாங்ஸ்னு சொன்னது ஸாஸ்னு விழுந்துருச்சு. இப்பவும் வராது, கேளுங்க." நாலு தடவை சொல்லிக் காட்டினேன். நாலு தடவையும் மாமியார்தான் வந்தார். நாலாவது தடவையில் சம்பத்தி தேவியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"மொதல்ல மூக்கச் சிந்து, பொண்ணே" என்று எழுந்து சாவியை எடுத்தார். "நானும் உள்ள உக்காருவேன். நீ என்ன சொல்லிக் குடுக்கறேன்னு பாக்கணும். இன்னொண்ணு, மாமியார் வெளிய போனா மருமகளும் போகணும். அதான் நியாயம்."

ஒரு நாசி மாற்றி மறு நாசியில் விடும் மூச்சுப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான நியாயம் கிடைக்காது. இடது நாசியில் மாமியார் உள்ளே, வலதில் வெளியே. வலதில் மருமகள் உள்ளே, இடதில் வெளியே. சிரிக்காமல் செய்து முடிக்க வேண்டும். எவளாலும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மா வாசலில் நின்றார். கங்கைநீர் எடுக்க வந்த காவடிக்காரர்கள் கூட்டத்தில் வண்டி மாட்டி, சேறு தெறித்த புடவையோடு.

"என்ன இது? மாமியார், மருமகள்? பாடத்திட்டத்துல இது எங்க இருக்கு?"

நான் வாயைத் திறக்குமுன் சம்பத்தி தேவி திறந்தார். "நீங்க மொதல்ல நேரத்துக்கு வந்தீங்களா? வீட்டு வேலைய விட்டுட்டு இத்தனை பேரு காத்துக் கெடக்கோம்."

"அம்மா, வழியெல்லாம் அடைச்சுக் கெடந்தா நான் பறந்தா வருவேன்?"

"நடந்து வாங்க. நாங்க எப்படி வர்றோம்?"

அவர் ஒன்று சொல்ல, இவர் இரண்டு சொல்ல, சம்பத்தி தேவியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். குறுக்கே விழுந்து சமாதானம் பேசக் கால் பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தேன். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

சண்டை தானாகவே களைத்தது. அதிகாரி அம்மா சுவரோரம் கிடந்த பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மத்த எடத்துல நான் போனதும் எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுச் சாமியாரம்மா ஆயிடுவாங்க" என்றார் என்னிடம், புடவையை உதறிக்கொண்டே. "நான் கெளம்பினதும் பாயச் சுருட்டிருவாங்க. இங்க என்னையவே வெரட்டுறாங்க. நீ அடுத்த மாசத்துலேருந்து தொடர்ந்து வா. காகிதத்த நான் அனுப்பறேன். ஆனா பெரிய ஆளுங்க யாராவது வந்தா அந்த மாமியாரை மட்டும்..."

"வெளிய விடணுமா?" என்றார் சம்பத்தி தேவி.

"உள்ளயே நிறுத்தி வைங்க" என்றார் அவர்.