பன்றியின் இதயம் இருக்கும் இடம்

இது இரத்தம் வரும் கதை, பிள்ளைகளே. மனம் தாங்காதவர்கள் என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு கேளுங்கள்.

கிருபாஷினி இருபத்திரண்டு வருடமாகப் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் குடல் எடுக்கிறவள். அவள் புருஷன் துஷாந்தனுக்கு பிராண்டே என்ற ஊரில் காற்றாலை இறக்கை செய்யும் வேலை. இருவரும் ஒன்றாகத்தான் வேட்டைப் பரீட்சையில் தேறினார்கள். அதன் பிறகு அவன் பதினேழு மான் விழுத்திவிட்டான், அவள் மூன்று.

சென்ற தை மாதம், நாட்டு எல்லைப் பக்கம் இருந்து வந்த ஒரு கிழட்டு ஆண் காட்டுப்பன்றி தெற்கே பண்ணை வைத்திருக்கும் ஒரு கமக்காரரின் நாயைக் கிழித்துப் போட்டது. அவர் துஷாந்தனைக் கூப்பிட்டார். காரில் போகும்போதே தர்க்கம் தொடங்கிவிட்டது.

"தோளுக்குப் பின்னால ஒரு சாண் விட்டுச் சுடுறது மானுக்கு," என்றாள் அவள். "பண்டிக்கு இதயம் முன்னங்காலுக்கு நேர, நல்லாக் கீழ கிடக்கு. உங்கட கணக்கில சுட்டா குடலிலதான் படும்."

"நீர் தொங்கிற பண்டியைத்தானே கண்டனீர். நிக்கிற பண்டி எப்பவாவது உமக்கு வணக்கம் சொன்னதோ?"

"தொங்கினாலும் நிண்டாலும் அதுக்கு இதயம் ஒண்டுதான். துவக்குக்குப் பாரமான ரவையையாவது போடுங்கோ. கிழட்டுக் கடுவன்ர தோள் தோல் எங்கட கத்தியையே மழுக்கும்."

"பதினேழு மானும் இந்த ரவைக்குத்தான் விழுந்தது."

காரை விட்டு இறங்கியதும் அவள் தன் துவக்கில் மட்டும் பாரமான செப்பு ரவைகளைப் போட்டுக்கொண்டாள்.

விடிந்து ஒரு மணித்தியாலத்தில் ஊசியிலை மரங்களின் ஓரமாகப் பன்றி வந்து பக்கவாட்டில் நின்றது. அறுபது மீற்றர்தான். துஷாந்தன் மானுக்குச் சுடும் இடத்திலேயே சுட்டான். பன்றி முதுகை வளைத்துக்கொண்டு பற்றைக்காட்டுக்குள் பாய்ந்தது.

புல்லில் கறுத்த இரத்தம் சிதறியிருந்தது. அவள் குனிந்து மணந்தாள். வேலைத்தலத்தில் நாள் முழுக்க மணக்கிற மணம்.

"குடல். அரை மணித்தியாலம் பொறுங்கோ. நாய் வைச்சுத் தேடுற ஆளைக் கூப்பிடுவம்."

"நான் காயப்படுத்தினதை நான்தான் முடிக்கவேணும்," என்று சொல்லி அவன் உள்ளே நடந்தான்.

பத்து அடிகூட வைத்திருக்கமாட்டான். பன்றி சத்தமில்லாமல் வந்து, தலையைக் கீழிருந்து மேலே ஒரு வீச்சு வீசியது. கொம்புப்பல் அவன் தொடையை முழங்காலில் இருந்து இடுப்புவரை திறந்துவிட்டது. துவக்கு எங்கோ போய் விழுந்தது. மல்லாந்து கிடந்தவன்மேல் ஏறி நின்று அது மறுபடி குத்தியது. எலும்பில் பல் உரசும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"சுடுமப்பா," என்றான்.

அவள் துவக்கைத் தோளில் வைத்தாள். சுடவில்லை. நின்றபடி சுட்டால் அந்த ரவை பன்றியைத் துளைத்துக் கீழே போகும். கீழே அவன் கிடந்தான்.

பன்றி மூன்றாம் முறையும் தலையைத் தாழ்த்தியது. அவள் ஈர மண்ணில் குப்புற விழுந்து, கன்னத்தை நிலத்தோடு வைத்தாள். இப்போது பன்றியின் வயிறு அவள் கண்ணுக்கு மேலே இருந்தது. அவன் தலை அதற்குக் கீழே. முன்னங்கால் முழங்கைக்குச் சற்று மேலே குறிவைத்து, மேல்நோக்கிச் சுட்டாள். ரவை அந்தப் பக்கத் தோளைப் பிய்த்துக்கொண்டு மரக்கொப்புகளுக்குள் போனது. பன்றியின் வாயிலிருந்து சிவந்த நுரை அவன் முகத்தில் கொட்டியது. அது அவன் கால்கள்மேல் சரிந்தது.

அவள் அதைப் புரட்டித் தள்ளினாள். தொடையின் உள்பக்கத்தில் இரத்தம் துடித்துத் துடித்துப் பாய்ந்தது. முஷ்டியைக் காயத்துக்குள் விட்டு எலும்போடு அழுத்தினாள். மற்றக் கையால் ரெலிபோனை எடுத்தாள். இரத்தத்தில் திரை வேலை செய்யவில்லை. பன்றியின் மயிரில் துடைத்துவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"எங்க பட்டது?" என்று அவன் கேட்டான். உதடு வெளிறியிருந்தது.

"கதையாதேங்கோ."

"சொல்லுமன். நீர் சொன்ன இடத்திலயோ?"

"ஓம். இப்ப வாயை மூடிக்கொண்டு கிடவுங்கோ."

ஹெலிகொப்டர் வர முப்பத்தொரு நிமிடம் சென்றது. அதுவரை அவள் முஷ்டியை அசைக்கவில்லை. கையை எடுக்கலாம் என்று அதில் வந்தவர்கள் சொன்னபோது அவளுடைய விரல்கள் விரியவில்லை; ஒரு தாதி ஒவ்வொன்றாக விரித்துவிட்டாள்.

கால் போய்விட்டது, பிள்ளைகளே. துஷாந்தன் இருக்கிறான்.